இடப்பக்கம் வைத்த பாட்டில்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பு கிடையாது. ரூபி லேப்பில் வேலை பார்த்தவள். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் பழக்க தோஷத்தில் நிமிடம் விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டு இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. ஏதோ தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பாள் என்று சொல்கிறவர்கள், போய் அதைப் படித்துவிட்டு வந்து பேசட்டும்.

போன டிசம்பர் மாதம். சூளகிரியைத் தாண்டி உள்ளே போனால் கைவிட்ட கிரானைட் குவாரி ஒன்று உண்டு. ஒரு தனியார் கம்பெனி அதை எடுத்து, அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தொழிற்சாலைக் கழிவு கொட்டும் குழியாக மாற்றியிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அந்த மாதம் அவர்களுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எங்கோ தூரத்து அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் புகையைச் சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவி, கந்தகத்தைப் பிடித்து, கடைசியில் மிஞ்சுகிற சேற்றைப் பிழிந்து லாரி லாரியாக அனுப்பினார்கள்.

சாம்பல் நிறச் சேறு அது. பார்த்தால் காய்ந்த களிமண் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் அது நடிக்கிற சரக்கு. ஆடாமல் இருக்கும்வரைதான் கட்டி. தட்டினாலோ குலுக்கினாலோ உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர் மேலே வந்து கஞ்சியாகிவிடும். ஆட்டம் நின்றால் ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பவும் இறுகிக்கொள்ளும்.

லாரி கேட்டுக்குள் வந்ததும் கரியப்பன் அதன் மேல் ஏறுவார். ஐம்பத்து நாலு வயது. சானமாவுப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், சூப்பர்வைசரிடம் தெலுங்கு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல மார்க்கர் இருக்கும். கரண்டியால் சேற்றை வெட்டி வெள்ளை பாட்டிலில் அடைத்து, லேபிளில் லோடு நம்பர் எழுதி, லேப் ஜன்னல் கட்டையில் கொண்டுவந்து வைப்பார். ரூபி அதிலிருந்து நூறு கிராம் எடுத்து, பெயிண்ட் வடிகட்டுகிற வலைக் கூம்பில் போட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் தொங்கவிடுவாள். கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் சிவப்பு முத்திரை. லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சொட்டு விழாவிட்டால் பச்சை. பச்சை விழுந்த லோடைக் குழியில் கொட்டியதும், மூங்கில் கொம்பில் கட்டிய பச்சைக் கொடி ஒன்றைக் கரியப்பன் அதன் மேல் ஏறி நட வேண்டும். எந்த லோடு எங்கே கிடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பச்சை என்றால் ஆள் ஏறி நடக்கலாம் என்று அர்த்தம். அந்தக் குழியில் இறங்குகிறவர்களுக்கு அந்த முத்திரையைத் தவிர வேறு காவல் எதுவும் கிடையாது.

கரியப்பனுக்குக் கூம்பு மேல் நம்பிக்கை இல்லை. "லாரி அத்தன தூரம் குலுங்கிக்கினு வருது. நீ ஆடாம தொங்கவுட்டா அது என்னாத்த சொல்லும்? தட்டிப் பாரும்மா" என்பார். பாட்டிலை ஜன்னல் கட்டையில் முப்பது தரம் தட்டுவார். மேலே தண்ணீர் வராவிட்டால் வலப்பக்கம் வைப்பார். வந்தால் இடப்பக்கம். இடப்பக்கம் வைத்த பாட்டிலை மட்டும் ரூபி கூம்பில் போட்ட பிறகு பென்சிலால் தட்டிப் பார்ப்பாள். சொட்டினால் சிவப்பு. இது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது.

சனிக்கிழமை மாலை 5.10. அன்றைக்குப் பதினாலாவது லோடு, கடைசி லோடு. கரியப்பன் முப்பது தட்டு தட்டினார். பாட்டில் வாயில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இடப்பக்கம் வைத்துவிட்டு டிரைவரிடம் பேசப் போனார்.

ரூபி கூம்பில் போட்டாள். ஐந்து நிமிடம். சொட்டு இல்லை. பென்சிலை எடுத்தபோது முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நவீன்குமார் நின்றுகொண்டிருந்தார்.

"சொட்டு விழுந்துச்சா ரூபி?"

"இல்ல சார். ஆனா..."

"அப்ப பச்சை. ஒரு லோடு திரும்பினா கான்ட்ராக்டே திரும்பிடும். திங்கக்கிழமை உன் பெர்மனன்ட் ஆர்டர் சைனுக்கு வருது. மறந்துடாத."

மூன்று வருடமாக அவள் தற்காலிகம். அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த ஆர்டர் வந்தால் அவருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு உண்டு. ரூபி பென்சிலைக் கீழே வைத்தாள். பச்சை முத்திரையை அடித்தாள். இடப்பக்கம் இருந்த பாட்டிலை எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

கரியப்பன் சீட்டை வாங்க வந்தார். முத்திரையைப் பார்த்தார்.

"தட்டிப் பாத்தியாம்மா?"

நவீன்குமார் இன்னும் அங்கேதான் நின்றார்.

"பாத்தேண்ணா" என்றாள் ரூபி.

"அப்ப சரிம்மா." அவ்வளவுதான். கொடிக் கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் குழியிலிருந்து எடுக்க வேண்டிய சேற்று மாதிரிக்காக ஒரு காலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்தார். மணி 5.22. ரூபி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்தச் சேற்றுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அமிலத் தண்ணீரில் கரைத்து, பாட்டில்களை ஒரு சக்கரத்தில் பூட்டி, பதினெட்டு மணி நேரம் சுற்றவிட்டு, அதிலிருந்து விஷ உலோகம் எதுவும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குப் போட்டது, ஞாயிறு காலை ஆறுக்கு நிற்க வேண்டும். முன்னே பின்னே ஆகலாம் என்று விதியே சொல்கிறது. ரூபி ஆகவிட மாட்டாள். இந்த மாதிரி விஷயத்தில் அவள் அவ்வளவு சுத்தம்.

சானமாவுக் காட்டு ரோட்டில் யானை நிற்கும் என்று பயந்து ஒரு பால் வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். பனி அப்படி. கேட்டுக்கு வந்தபோது 5.26. வாட்ச்மேன் முனிராஜ் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் உட மாட்டறாங்களாம்மா?"

"மெஷின நிறுத்திட்டு சர்ச்சுக்குப் போகணும்ணா."

"கரியப்பன் வண்டி ஷெட்டுலயே நிக்குது பாரு. போனயும் பொட்டிலயே வுட்டுட்டுப் போயிட்டாரு. ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் அடிச்சிக்கினே இருந்துச்சு."

குழிக்குப் போகிறவர்கள் போனைக் கேட்டில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முனிராஜ் முந்தின நாள் மாலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்தவர். அவருக்கு முந்தின ஆள் கிளம்பியபோது உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சனிக்கிழமைன்னா காவேரிப்பட்டினத்துக்கு மக வீட்டுக்குப் போவாரில்ல. லாரியிலயே ஏறிப் போயிருப்பாரு" என்றாள் ரூபி.

"நானும் அப்டித்தான் நெனச்சன்." முனிராஜ் கொட்டாவி விட்டார். "குழிப் பக்கம் கொடிக்கொம்பு ஒண்ணு காத்துல அடிச்சிக்கினே கெடந்துச்சும்மா. ராவெல்லாம் தூக்கமில்ல."

ரூபி ஹெல்மெட்டைக் கழற்றினாள். பனி இருந்த இடத்திலேயே நின்றது. கேட்டுக்குப் பக்கத்துப் புங்கமரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

காற்றே இல்லை.

5.31-க்கு லேப்பைத் திறந்தாள். சக்கரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் அந்தப் பதினாலாம் நம்பர் பாட்டில் அப்படியே இருந்தது. அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, வடிகட்டும் தாள்களை எடுத்து வைத்தாள்.

5.44.

டொக்... டொக்... டொக்...

ஜன்னல் கட்டையில் பாட்டில் தட்டும் சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான். ரூபிக்குப் பயம் வரவில்லை. இன்றைக்கும் லோடு அனுப்பிவிட்டார்களா என்று எரிச்சல்தான் வந்தது. தன்னை அறியாமல் எண்ணினாள். முப்பதில் சத்தம் நின்றது.

ஜன்னலின் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. கீழே ஒரு சாண் திறப்பு. அதன் வழியாக ஒரு கை பாட்டிலை உள்ளே தள்ளியது. முழங்கை வரை சாம்பல் நிறம்.

இடப்பக்கம் வைத்தது.

"ஏண்ணா, லோடு வந்ததா முனிராஜண்ணன் சொல்லவே இல்லியே?"

திறப்பில் சட்டையின் மார்புப் பகுதி மட்டும் தெரிந்தது. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிக் கண்ணாடி.

"தட்டிப் பாரும்மா."

கரியப்பன் குரல்தான். ஆனால் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

ரூபி பாட்டிலை எடுத்தாள். விரல் மரத்துப்போகிற குளிர். லேபிளில் நீல மார்க்கரில் 15 என்று எழுதியிருந்தது. நேற்று பதினாலோடு முடிந்துவிட்டது. லாரி நம்பர் எழுதும் கோட்டில் லாரி நம்பர் இல்லை. 'குழி' என்று மட்டும் இருந்தது.

இதையெல்லாம் கவனித்தவள், அப்போதே எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. மூன்று வருடப் பழக்கம், பாட்டில் வந்தால் கை தானாக வேலை செய்யும். நூறு கிராம் நிறுத்து, கூம்பில் போட்டு, நேரத்தை எழுதினாள். 5.47.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

அவர் நகரவில்லை. டிசம்பர்க் குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் புகை வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகை இல்லை. சொட்... சொட்... என்று சத்தம் கேட்டது. ரூபி கூம்பைப் பார்த்தாள். கூம்பிலிருந்து இல்லை.

அவர் சட்டையிலிருந்து.

மூன்று. நாலு. "உள்ள வந்து உக்காருங்கண்ணா" என்றாள். சொன்ன பிறகுதான், அவர் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று நினைத்தாள்.

5.52.

"சொட்டு இல்லண்ணா. பச்சைதான்."

"நேத்தும் அதத்தான சொன்ன."

ரூபி கூம்பைத் திரும்பப் பார்த்தாள்.

"தட்டும்மா."

பென்சிலை எடுத்தாள். கூம்பு மாட்டியிருந்த கம்பியில் தட்டினாள். ஒன்று... இரண்டு... பத்தில் சேறு பளபளத்தது. பதினைந்தில் முதல் சொட்டு. இருபதில் நூலாக இறங்கியது. கீழே இருந்த நூறு மில்லி அளவுக் குழாய் நிறைந்தது.

மொத்தச் சேறே நூறு கிராம்தான்.

பெரிய பீக்கரை வைத்தாள். அதுவும் நிறைந்தது. வழிந்தது. மேசையிலிருந்து அவள் மடியில் கொட்டியது. கை மட்டும் நிற்காமல் தட்டியது... இருபத்தெட்டு... இருபத்தொன்பது...

முப்பது.

நின்றது.

கூம்பில் சேறு இல்லை. வலையில் ஒரே ஒரு பொருள் ஒட்டியிருந்தது.

நீல மார்க்கரின் மூடி.

5.57. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் யாரும் இல்லை. அவள் மேசையில் வைத்திருந்த பாட்டிலும் இல்லை. கட்டையில் மட்டும், இடப்பக்கம், வட்டமாக ஈரம்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது.

டொக்...

தூரத்தில்.

டொக்...

குழியிலிருந்து. இப்போது தொடங்கிய சத்தம் இல்லை. அவள் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சக்கரத்தின் கடகடப்பில் அமுங்கிப் போயிருக்கிறது. ரூபி எழுந்து சக்கரத்தின் சுவிட்சை அணைத்தாள். இரண்டு நிமிடம் முன்னதாகவே. அவள் வாழ்க்கையில் முதல் தடவை.

டொக்...

...

அப்புறம் இல்லை.

5.58.

"முனிராஜண்ணா" என்று கத்திக்கொண்டே குழிக்கு ஓடினாள். பனியில் நேற்று நட்ட பச்சைக் கொடிகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணினாள். பதிமூன்று. பதினாலாவது கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் மூங்கில் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கொடித் துணி தரையில் கிடந்தது. கொட்டிய லோடு மேடாக இருக்க வேண்டும். அங்கே மேடு இல்லை. மெழுகின தரையாக, காய்ந்து, ஆடாமல், சமமாக இருந்தது.

ஓடிப்போய் அந்த மூங்கிலைப் பிடிக்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. காலை வைத்தாள்.

"பர்பேடம்மா..."

முன்னாலிருந்து வந்தது. மிகவும் பக்கத்தில். வராதே என்று அர்த்தம். அவசரத்தில் கரியப்பனுக்குத் தமிழ் வராது. கன்னடம்தான் வரும்.

ரூபி நின்றாள். வலது கால் கணுக்கால் வரை உள்ளே போயிருந்தது. சத்தமே இல்லாமல். பின்னால் வந்த முனிராஜ் தோளைப் பிடித்து இழுத்தார். செருப்பு வரவில்லை.

"யாரோ வேணாம்னாங்கண்ணா. கேட்டுச்சா?"

"யாரும்மா? நீதான் கத்திக்கினு வந்த" என்றார் முனிராஜ்.

தீயணைப்பு வண்டியும் ஜேசிபியும் வந்து கரியப்பனை எடுத்தபோது 11.20. நின்ற வாக்கிலேயே இருந்தார். தலைக்கு மேல் ஒரு முழம் சேறு. இடது கை கொடிக் கொம்பைக் கட்டிக்கொண்டிருந்தது. வலது கை மேலே தூக்கியபடி ஒரு பாட்டிலைப் பிடித்திருந்தது. 15 என்று எழுதிய பாட்டில். மூடி திறந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது. அதற்கு மூடி இல்லை.

திங்கட்கிழமை நவீன்குமார் அவள் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று பெர்மனன்ட் ஆர்டர். இன்னொன்று, பதினாலாவது லோடை முறைப்படி சோதித்தேன், தட்டியும் பார்த்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்ததாக டைப் செய்த தாள். "அவரு வேற எதுக்கோ எறங்கியிருக்காருன்னு முடிச்சிடலாம். நீ சைன் மட்டும் போடு" என்றார். ரூபி இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. இன்ஸ்பெக்டரிடம் போய், பாட்டிலை இடமிருந்து வலத்துக்கு மாற்றியது நான்தான், தட்டிப் பார்த்தேன் என்று அவரிடம் பொய் சொன்னதும் நான்தான் என்றாள். நோட்டையும் அந்த நீல மூடியையும் கொடுத்துவிட்டு வந்தாள். வேலை போயிற்று. அப்பா இப்போது கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வருத்தம்தான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டோமே, கரியப்பன் ஆத்மா அதைக் கேட்கத்தானே அன்றைக்கு வந்தது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வரைக்கும்தான் அந்த ஆறுதல். அன்றைக்கு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

சனிக்கிழமை மாலை அவர் சாகவில்லை. முதலில் மார்பு வரைக்கும்தான் புதைந்திருக்கிறார். கூப்பிட மூச்சு இல்லை. நெஞ்சைச் சேறு அழுத்திக்கொண்டிருந்தது. கையில் இருந்தது ஒரு பாட்டிலும் ஒரு மூங்கிலும். இரவு முழுக்கப் பாட்டிலால் மூங்கிலைத் தட்டியிருக்கிறார். தட்டத் தட்ட அந்தச் சேறு இளகும், ஒவ்வொரு தட்டுக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்கும் என்பது அந்தக் கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் தட்டியிருக்கிறார். அதைத் தவிர வேறு வழியில்லை.

உயிர் போன நேரம் என்று டாக்டர் எழுதியிருந்தது: ஞாயிறு காலை, சுமார் ஆறு மணி. சத்தம் எப்போது நின்றது என்று முனிராஜைக் கேட்டார்கள். ஆறு மணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த சமயம், ரூபி கத்துவதற்குச் சற்று முன் என்றார்.

அப்படியானால் 5.44-க்கு ஜன்னலில் வந்து நின்றது எது என்று ரூபிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கூம்பில் அவள் தட்டிய அந்த முப்பது தட்டைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவாள். ஒன்று மட்டும் அவளே சொல்வாள், கேட்காமலேயே சொல்வாள். லேப்பிலிருந்து குழிக்கு ஓட இரண்டு நிமிடம் போதும். 5.47-லிருந்து 5.52 வரை, கூம்பிலிருந்து சொட்டு விழுகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற ஐந்து நிமிடமும், கரியப்பன் உயிரோடுதான் இருந்தார்.